எடை மெஷினும் இஞ்சு டேப்பும்: கிராமத்துப் பெண்கள், நகரத்துப் பெண்கள், உடல் பருமன்

என் பெரியம்மாவுக்கு இரண்டு மகள்கள். பெரியக்கா மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். நடவு, களை, நூறு நாள் வேலை, வீட்டில் இரண்டு மாடு. சின்னக்கா கல்யாணமாகித் தாம்பரம் போனவள். கணக்கு எழுதும் வேலை. நாளுக்கு எட்டு மணி நேரம் நாற்காலியில். போன சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்கு எல்லோரும் கூடியபோது, சின்னக்காவைப் பார்த்த அத்தைமார் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "பட்டணத்துத் தண்ணி ஒத்துக்கிச்சு போல, நல்லா உடம்பு போட்டுட்ட." பெரியக்காவிடம், "நீ என்னடி இப்படி வத்திக் கிடக்க?" என்றார்கள்.

வீட்டில் ஒரு எடை மெஷின் இருந்தது. இரண்டு பேரையும் ஏறி நிற்கச் சொன்னேன். பெரியக்கா 54 கிலோ, சின்னக்கா 66 கிலோ. உயரம் இருவருக்கும் 152 செ.மீ. அத்தைமார் சொன்னது சரிதான், 12 கிலோ வித்தியாசம். அப்புறம் தையல் மெஷின் டிராயரில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன். சின்னக்காவுக்கு 91 செ.மீ. பெரியக்காவுக்கு 86. "வத்திக் கிடக்கிற" பெரியக்காவுக்கு 86 செ.மீ. என்றதும் அவளே நம்பவில்லை. டேப்பை வாங்கித் திரும்ப அளந்தாள். அதே 86.

கிராமத்துப் பெண்களுக்கும் நகரத்துப் பெண்களுக்கும் உடல் பருமனில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பெரும்பாலும் எடை மெஷின் சொன்னதை மட்டும் பதிலாகச் சொல்வோம். இஞ்சு டேப் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும் என்பது என் எண்ணம்.

முதலில் எடை. கண்ணால் பார்த்தே ஒருவரைக் குண்டு, ஒல்லி என்று சொல்லிவிடுகிறோம். லட்சக்கணக்கான பேரை ஒப்பிட அது போதாது, பொதுவான ஓர் அளவு வேண்டும். அதற்காகத்தான் பி.எம்.ஐ. என்கிற உடல் நிறை எண். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் எழுதி, அந்த உயரத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். பெரியக்காவின் உயரம் 1.52 மீட்டர், 1.52-ஐ 1.52-ஆல் பெருக்கினால் 2.31. 54-ஐ 2.31-ஆல் வகுத்தால் 23.4. சின்னக்காவுக்கு இதே கணக்கில் 28.6. அவ்வளவுதான் கணக்கு.

இந்தச் சூத்திரத்தை 1830-களில் கண்டவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதவியலாளர். அவர் வைத்தியர் இல்லை. ஒரு சமுதாயத்தின் "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று தேடியபோது கிடைத்த கணக்கு இது. 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்தான் இதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் கொடுத்தார். இந்த வரலாற்றைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இது கூட்டத்தை அளக்கப் பிறந்த அளவு. ஒரு தனி உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இதற்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறைப்படி 18.5-க்குக் கீழே என்றால் மெலிவு, 25-ம் அதற்கு மேலும் அதிக எடை, 30-ம் அதற்கு மேலும் உடல் பருமன். ஆசிய உடம்புக்கு இந்தக் கோடு கொஞ்சம் கீழே இருக்க வேண்டும் என்பதால், இந்திய மருத்துவர்கள் பலர் 23-லேயே அதிக எடை என்றும், 25-லேயே பருமன் என்றும் கணக்கு வைக்கிறார்கள். எந்தப் புள்ளிவிவரத்தைப் படித்தாலும், அதில் எந்தக் கோட்டை வைத்து எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். கோடு மாறினால் சதவீதமும் மாறிவிடும். பெரியக்காவின் 23.4 ஒரு கோட்டின்படி நலம், இன்னொரு கோட்டின்படி அதிக எடை.

நம் நாட்டில் இதற்கான பெரிய ஆதாரம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் எடையையும் உயரத்தையும் வீடு வீடாகப் போய் அளக்கிறார்கள். கர்ப்பிணிகளையும், அண்மையில் குழந்தை பெற்றவர்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதிக எடைக்கான கோடு 25. 2005-06-ல் எடுத்த மூன்றாவது கணக்கெடுப்பில் நகரத்துப் பெண்களில் 23.5 சதவீதம் பேர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள், கிராமத்தில் 7.4 சதவீதம். 2015-16-ல் நகரம் 31.3, கிராமம் 15.0. 2019-21-ல் நகரம் 33.2, கிராமம் 19.7.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்று முறையும் நகரம்தான் மேலே இருக்கிறது. ஆனால் 2005-06-ல் நகரம் கிராமத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2019-21-ல் 1.7 மடங்குதான். 2015-16-க்கும் 2019-21-க்கும் நடுவே நகரத்தில் ஏறியது 1.9 புள்ளி, கிராமத்தில் ஏறியது 4.7 புள்ளி. நகரம் ஏறக்குறைய ஏறி முடித்த படிகளில் கிராமம் இப்போது வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. செய்தித்தாள்களில் இதை அதிகம் பார்த்ததில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சதவீதம் வேறு, ஆள் எண்ணிக்கை வேறு. நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராமத்தில் இருக்கிறார்கள். 2019-21-ல் ஒட்டுமொத்தமாக 100 பெண்களில் 24 பேருக்கு அதிக எடை. கிராம, நகர விகிதங்களை வைத்து அந்த 24 பேரைப் பிரித்துப் பார்த்தால் கிராமத்தில் 13-க்கும் கொஞ்சம் கூட, நகரத்தில் 11-க்கும் கொஞ்சம் குறைவு. 2005-06-ல் இது நேர் தலைகீழ், அன்று 100 பெண்களில் 12.6 பேருக்கு அதிக எடை, அதில் கிராமத்தின் பங்கு சுமார் 5 மட்டும். அதாவது, அதிக எடையுள்ள இந்தியப் பெண்களில் பாதிக்கு மேல் இன்று கிராமத்தில்தான் இருக்கிறார்கள். இதைப் பட்டணத்து நோய் என்று சொல்லும் காலம் நாம் கவனிக்காமலே முடிந்துவிட்டது.

தமிழ்நாடு இதில் நாட்டுக்கு முன்னே ஓடுகிறது. 2019-21-ல் இங்கே நகரத்துப் பெண்களில் 46.1 சதவீதம், கிராமத்துப் பெண்களில் 35.4 சதவீதம். நாட்டு நகரங்களின் சராசரியே 33.2-தான். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் இந்திய நகரத்துப் பெண்களையே தாண்டிவிட்டார்கள்.

"கிராமம்" என்று எதைச் சொல்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சி, பேரூராட்சி போன்ற அமைப்பு உள்ள ஊர் எல்லாம் நகரம். அப்படி இல்லாத ஊர் நகரமாகக் கணக்கில் வர மூன்று நிபந்தனைகள்: குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும், முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். ஆண்கள் என்பதைக் கவனியுங்கள். பெண்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதற்கு இந்த வரையறையில் இடமே இல்லை. தமிழ்நாட்டில் வயலுக்கு நடுவே ஒரு பேரூராட்சி இருக்கும். நெடுஞ்சாலை ஓரம் பரோட்டாக் கடையும் செல்போன் கடையுமாக நிறைந்த ஊர், காகிதத்தில் ஊராட்சியாக இருக்கும். அதனால் கிராமம், நகரம் என்பதை ஒரு மதில் சுவராக நினைக்காமல், ஒரு சரிவாக நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, நகரத்தில் ஏன் அதிகம்? உட்கார்ந்து பார்க்கும் வேலை, கைக்கெட்டும் தூரத்தில் கடைச் சாப்பாடு, நடக்க நடைபாதை இல்லாத தெரு, இருட்டிய பின் தனியாக நடக்கப் பயம். இவையெல்லாம் தெரிந்த காரணங்கள்தான். வசதியும் ஒரு பெரிய காரணம். இந்தியாவில் வசதி மிகுந்த வீட்டுப் பெண்களிடம் அதிக எடை, மிக ஏழை வீட்டுப் பெண்களிடம் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வசதியான வீடுகள் நகரத்தில் அதிகம். அதனால் நகரத்தின் எண்ணில் ஒரு பங்கு உண்மையில் நகரத்துக்கு உரியது அல்ல, பணத்துக்கு உரியது.

இது என்றைக்கும் இப்படியே இருக்கப்போவதில்லை. அமெரிக்காவில் 2013 முதல் 2016 வரை எடுத்த கணக்கில், பெருநகரப் பெண்களில் 38.1 சதவீதம் பேருக்கு உடல் பருமன். பெருநகர எல்லைகளுக்கு வெளியே, சிற்றூர்ப் பகுதிகளில் இருக்கும் பெண்களில் 47.2 சதவீதம். அங்கே வைத்த கோடு 30; நம் கணக்கோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் திசையைப் பாருங்கள், அங்கே கிராமம்தான் மேலே. பணக்கார நாடுகளில் நல்ல காய்கறிக் கடை, உடற்பயிற்சிக்கு இடம், மருத்துவர் எல்லாம் நகரத்தில். மலிவான, மாவும் சர்க்கரையும் எண்ணெயும் நிறைந்த பொட்டல உணவு எல்லா ஊரிலும். ஒரு நாடு ஏழையாக இருக்கும்போது பருமன் வசதியானவர்களைப் பிடிக்கிறது. நாடு வளர வளர, அது மெல்ல ஏழை வீட்டுக்கும் கிராமத்துக்கும் இறங்கி வருகிறது.

உலக அளவில் இதைக் காட்டிய ஆய்வு 2019-ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. 1985 முதல் 2017 வரை, 11 கோடிக்கும் மேற்பட்டவர்களின் எடை, உயர அளவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உலகச் சராசரி பி.எம்.ஐ. ஏறியதில் பாதிக்கு மேல், 55 சதவீதத்துக்கும் அதிகம், கிராமங்களால் வந்தது. அதுவரை நகரமயமாதல்தான் பருமனுக்குக் காரணம் என்று நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி இஞ்சு டேப்புக்கு வருவோம்.

டேப்பால் இரண்டு இடங்களை அளக்கலாம். ஒன்று இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்துக்கு மேல் வைத்து அளந்தால் கணக்கு தப்பிவிடும். வயிற்றை எக்கவும் கூடாது. (சின்னக்கா முதல் தடவை எக்கினாள்.) இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. வரை சரி, அதைத் தாண்டினால் வயிற்றுப் பருமன். இரண்டாவது பிட்டச் சுற்றளவு, பின்புறம் மிக அகலமாக இருக்கும் இடத்தில். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். பெண்களுக்கு அது 0.85-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று கணக்கு.

2019-21 கணக்கெடுப்பில்தான் முதல் தடவையாக இந்த டேப்பும் வீடுகளுக்குள் போனது. ஆபத்தான விகிதம் உள்ள பெண்கள் நகரத்தில் 59.9 சதவீதம், கிராமத்தில் 55.2 சதவீதம். அதே பெண்கள், அதே ஆண்டு. எடையை வைத்துப் பார்த்தால் 13.5 புள்ளி இடைவெளி. டேப்பை வைத்துப் பார்த்தால் 4.7 புள்ளிதான். கிராமத்தில் அதிக எடை என்று தேறியவர்கள் ஐந்தில் ஒருவர். டேப்பில் சிக்கியவர்கள் பாதிக்கு மேல்.

இது எப்படி? பெரியக்காவின் உடம்பையே எடுத்துக்கொள்ளலாம். அவள் இடுப்பு 86, பிட்டம் 94. வகுத்தால் 0.91. சின்னக்காவுக்கு இடுப்பு 91, பிட்டம் 106. வகுத்தால் 0.86. இரண்டு பேரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள், ஆனால் விகிதம் மோசமாக இருப்பது ஒல்லியான பெரியக்காவுக்கு. பின்னத்தில் மேலே உள்ள எண் கூடினாலும் விகிதம் ஏறும். கீழே உள்ள எண் குறைந்தாலும் ஏறும். பெரியக்காவுக்கு வயிற்றில் கொழுப்பு இருக்கிறது, அது ஒரு பாதி. தொடையிலும் பிட்டத்திலும் இருக்க வேண்டிய தசையும் கொழுப்பும் இல்லை, அது மறு பாதி.

உடம்பில் கொழுப்பு சேரும் இடத்தைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு கிட்டத்தட்டப் பத்தாயத்து நெல் மாதிரி. உள்ளே போனது அமைதியாகக் கிடக்கும். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படிச் சும்மா இருக்காது. அதிலிருந்து கொழுப்பமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காமல் போகிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய்க்கு வழி திறப்பது இந்தக் கொழுப்புதான். அதனால்தான் 54 கிலோ பெண்ணுக்குச் சர்க்கரை வந்தால் ஊரே ஆச்சரியப்படுகிறது, மருத்துவர் ஆச்சரியப்படுவதில்லை.

இந்திய உடம்பின் இந்தக் குணத்தை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் ஒருவர் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். அவரும் ஜான் யட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடம்புகள்.

யாஜ்னிக் குழு 1993 முதல் புனே பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து வந்தது. அங்கே பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்தவை 3.5 கிலோ. எடை அவ்வளவு குறைந்தும், கிராமத்துக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசையும் உறுப்புகளின் அளவும். வயிற்றில் இருக்கும்போதே சாப்பாடு போதாத குழந்தை, இருப்பதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கப் பழகிக்கொள்கிறது. பிற்பாடு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் அந்தப் பழக்கம் அதற்கே எதிராகத் திரும்புகிறது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் வளர்த்தெடுத்த கருத்தும் இதுதான்.

இப்போது கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1970-களிலோ 80-களிலோ, ஒருவேளை கஞ்சி குடித்த தாயின் வயிற்றில் உருவானவள். வளரும் வயதில் பாலும் முட்டையும் அண்ணன் தம்பிக்குப் போன பின் மிச்சம் கிடைத்தவள். முப்பது நாற்பது வயதில் அவள் வீட்டுக்கு அரிசி தாராளமாக வந்தது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பாமாயிலும் சர்க்கரையும் கொஞ்சம் துவரம்பருப்பும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பசியை ஒழித்த திட்டம் அது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் பாட்டி கஞ்சிக்குத் தவித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் வயிறு நிறைந்தது பெரும்பாலும் அரிசியால். முட்டையும் காயும் பழமும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இந்தியர்களின் உணவில் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது.

பெரியக்கா சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காலையில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பழைய சோறும் ஊறுகாயும். நூறு நாள் வேலை இடத்தில் பதினொரு மணிக்கு இன்னொரு டீ, கூட ஒரு வர்க்கியோ பஜ்ஜியோ. மத்தியானம் சோறு, ரசம். ராத்திரி அவள் வீட்டுக்கார மாமா சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, ஒன்பதரை மணிக்குச் சட்டியோடு அடுப்படியில் உட்காருவாள். மீன் துண்டு முடிந்திருக்கும், குழம்பு இருக்கும். சோறு கொஞ்சம் அதிகம் மிஞ்சியிருந்தால், கொட்ட மனசு வராமல் அதையும் போட்டுக்கொள்வாள். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் படுக்கை, விடிகாலை நாலரைக்கு மாடு. இதில் எங்கே அவள் அதிகமாகத் தின்றாள்? அவள் தட்டில் சோறு மட்டும்தான் அதிகம். மற்றது எல்லாம் குறைவு.

இதோடு ரத்தசோகை சேர்ந்துகொள்கிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. இவர்கள் இரண்டு தனித்தனிக் கூட்டம் இல்லை, பல உடம்புகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. வயிறு பெரிதாகவும் ரத்தம் குறைவாகவும் இருக்கும் பெண்ணை நாம் எல்லோரும் நம் வீட்டிலேயே பார்த்திருப்போம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பருமன் பேச்சு வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றும். அந்தக் காலத்தில் அம்மி அரைத்தார்கள், ஆட்டுக்கல் ஆட்டினார்கள், உரல் குத்தினார்கள், அதனால் ஒல்லியாக ஆரோக்கியமாக இருந்தார்கள், மிக்சி வந்து எல்லாம் கெட்டது என்று. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியதையும் இதில் இழுப்பார்கள். உடல் உழைப்பு குறைந்தது உண்மை. அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வயலில் பெண்கள் குனிந்த நாட்களைக் குறைத்துவிட்டன. அதுவும் உண்மைதான். ஆனால் என் பாட்டிக்கு ஆட்டுக்கல் உடற்பயிற்சிக் கருவியாக இருக்கவில்லை. அரை வயிற்றோடு, பிள்ளை பெற்ற இருபதாம் நாளில், முதுகு ஒடிய ஆட்டினாள். கடைசிக் காலத்தில் நிமிரவே முடியவில்லை. அவள் ஒல்லியாக இருந்ததற்குப் பெயர் ஆரோக்கியம் இல்லை, பசி. 2005-06-ல் நாட்டுப் பெண்களில் 35.5 சதவீதம் பேர் மெலிந்தவர்களாக இருந்தார்கள். 2019-21-ல் அது 18.7-ஆகக் குறைந்தது. இந்த இறக்கத்தைப் பார்த்து நாம் சந்தோஷப்பட வேண்டும். பெண்ணின் இடுப்பைக் குறைக்க அவளைத் திரும்பவும் அம்மிக்கு அனுப்பச் சொல்லும் யோசனையை என்னால் ஏற்க முடியாது. மிக்சி மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் அவளுக்கு ஓய்வாகவோ, ஒரு நடையாகவோ போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால், இன்னொரு வேலையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைப் பேசலாம்.

நகரத்துப் பெண்ணுக்கும் நேரம்தான் பிரச்சினை. சின்னக்கா ரயிலில் நின்று, அலுவலகத்தில் உட்கார்ந்து, இரவு ஏழரைக்கு வீடு வந்து சமைக்கிறாள். நடக்கச் சொன்னால், "எப்ப நடக்கறது, நீயே சொல்லு" என்பாள். இரண்டு பேரிடமும் இல்லாதது ஒன்றே. ஆனால் இருவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றல்ல. சின்னக்காவுக்கு மொத்த எடை குறைய வேண்டும். உட்காரும் நேரம் உடைபட வேண்டும், அலுவலக மாலைப் பொட்டலங்கள் நிற்க வேண்டும். பெரியக்காவிடம் "குறைத்துச் சாப்பிடு" என்று சொன்னால் அது தீங்கு. அவள் சோற்றைத்தான் குறைப்பாள், அந்த இடத்தில் வேறு எதுவும் வராது, இருக்கும் தசையும் கரையும். ஒரு கரண்டி சோறு குறைந்தால் அந்த இடத்தில் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, பருப்போடு கீரையோ வர வேண்டும். அதற்கு வீட்டுச் செலவில் இடம் வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமும் வேண்டும், மீன் துண்டு அவள் தட்டுக்கும் வருகிற மாதிரி. பருமன் ஆலோசனை என்று வருகிற துண்டறிக்கைகளில் இந்தக் கடைசி வரியை நான் பார்த்ததே இல்லை.

பெண்கள் ஆண்களைவிட இதில் ஏன் அதிகம் சிக்குகிறார்கள் என்று கேட்கலாம். பி.எம்.ஐ. கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. வயிற்றுப் பருமனில்தான் வித்தியாசம். 2019-21 கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 12 சதவீதம் பேருக்கும் வயிற்றுப் பருமன் இருந்தது. அந்த ஆய்வில் பெண்ணுக்கு 80, ஆணுக்கு 94 செ.மீ. என்று கோடு வேறு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பேறுகாலத்தில் ஏறும் எடை, அது இறங்குவதற்குள் அடுத்த பேறு, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறும் கொழுப்பு எல்லாம் பெண்ணுக்கே உரியவை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடை ஏறாமலே இடுப்பு பெருக்கலாம். அதனால் அந்த வயதில் எடை மெஷினைவிட டேப்பைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

80 செ.மீ. நினைவில் நிற்காதவர்களுக்கு இன்னொரு எளிய வழி: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் உயரத்துக்குச் சமமாக ஒரு கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

திருவிழா முடிந்து பெரியக்கா அப்படிப் பார்த்தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தின படி. "ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படிம்மா?" என்று செவிலியரிடம் கேட்டிருக்கிறாள். டீயில் சர்க்கரையைப் பாதியாக்கினாள். மாமா சந்தைக்குப் போகும்போது வாரத்துக்கு ஒரு அட்டை முட்டை வாங்குகிறார். அதில் தினம் ஒன்று அவளுக்கு என்று மகள் சட்டம் போட்டுவிட்டாள். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு, எல்லோரும் சேர்ந்து. அப்புறம் வாய்க்கால் கரை வரை எதிர்வீட்டு அண்ணியோடு ஒரு நடை.

போன மாதம் ஊருக்குப் போனபோது திரும்ப அளந்தோம். எடை அதே 54. இடுப்பு 83. எண்பதுக்கு இன்னும் மூன்று செ.மீ. இருக்கிறது என்று அவளே கணக்குச் சொன்னாள். சர்க்கரையை அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும்.